நுரை இறங்கிய டம்ளர்

போகிப் பகல். திண்டிவனத்தில் மச்சான் டம்ளரில் பீர் ஊற்றுகிறார். புளிப்பும் கசப்புமாய் அந்த வாசனை எழுந்ததும் நான் விழுப்புரத்து வீட்டின் கூடத்தில் நிற்கிறேன், பத்து வயதில்.

அப்பா இறந்தபின் வந்த முதல் போகி. அவர் படத்துக்கு முன்னால் படையல்: புதுவேட்டி, வடை, கருவாட்டுக் குழம்பு, கண்ணைக் கரிக்கும் சாம்பிராணி. சித்தப்பா பையிலிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்தார்.

"இன்னா தம்பி இது? உங்க அண்ணன் இதெல்லாம் தொட்டதே கெடையாது" என்றாள் அம்மா.

"வருசா வருசம் போகிக்கு எங்கூட பாண்டிக்கு வந்து ஒண்ணு சாப்புடுவாரு அண்ணி. உங்களுக்குத்தான் தெரியாது."

"செத்தவரு மேல பொய் சொல்லாத."

"வச்சிப் பாப்போம். அவரு குடிக்கலேன்னா நான் பொய்யன்."

விளிம்புவரை நுரை ததும்ப ஊற்றினார். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று, வழக்கம்போல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். திறந்தபோது டம்ளரில் பாதிதான் இருந்தது. சித்தப்பாவே மிரண்டுபோனார். அம்மா படத்தையே வெறித்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வாங்கியாந்திருப்பேனே."

பாட்டிலில் இருந்த மிச்சத்தையும் தன் கையாலேயே டம்ளரில் ஊற்றிவிட்டு மறுபடி கதவைச் சாத்தினாள்.

இங்கே மச்சானின் டம்ளரில் நுரை மெல்ல அடங்கிப் பாதிக்கு இறங்குகிறது. இத்தனை வருடம் இதைக் கவனிக்காமலா இருந்தேன்? அப்படியானால் அப்பா குடித்தாரா, இல்லையா? சித்தப்பாவும் இப்போது இல்லை. அம்மாவிடம் சொல்வதா, எப்படிச் சொல்வது என்று குழம்பும்போதே போன் அடிக்கிறது. அம்மாதான்.

"படையலுக்கு பீரு வாங்கிக்கினு ஜல்தி வா. ஐஸுல வச்சது வேணாம். போன வருசம் சில்லுனு ஊத்தினதுக்கு, மனுசன் கொஞ்சமாத்தான் குடிச்சாரு."