அவர் பீடியை விட்ட பிறகு

என் வீட்டுக்காரர் பீடியை விட்டதில் ஏற்காட்டு மலையில் எங்கள் பக்கத்துப் பாதிப் பேருக்குப் பங்கு உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள் நிறைய. நானும் கொஞ்ச காலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் மாரமங்கலம் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்ப வேண்டும், சாயந்திரம் அவர்கள் பறித்துவந்த காப்பிப் பழத்தை அளந்து எழுத வேண்டும். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காப்பி காயப்போடுகிற களத்துக்கு மேலே எஸ்டேட் கொடுத்த ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எண்பதுகளின் நடுவில் ஒரு ஐப்பசி மழையில் அவருக்குப் பிடித்த இருமல் தை பிறந்தும் விடவில்லை. நானே இழுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "பீடியை விட்டா இன்னும் சில வருஷம் இருப்பாரும்மா. விடலைன்னா அடுத்த மழையைத் தாண்டறது கஷ்டம்."

மறுநாளே நான் வெட்கம் மானம் பார்க்காமல் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும், எனக்கு ஆள் உயிரோடு வேண்டும். டீக்கடைக்காரர் பீடிக்கட்டுகளை எடுத்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "நீங்க கவலைய உடுங்க டீச்சரம்மா, இனி என்ற கடையில ரைட்டருக்குப் பீடி கெடையாதுங்க" என்றார். பழம் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கியதும், "ஏனுங்க ரைட்டரே, எங்கே, வாய ஊதுங்க பாப்பம்" என்று கேலி பண்ணினார்கள். ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி, இவருக்கு எங்கள் கல்யாணத்துக்கு முந்தியிலிருந்தே சிநேகம். ஒருவர் பீடியில் இன்னொருவர் பற்ற வைத்துக்கொண்டு பாதி ஆயுசைக் கழித்தவர்கள். அந்த மேஸ்திரி என் எதிரில் கையை நீட்டி, "ரைட்டரு முன்னால இனி நான் பத்த வெக்க மாட்டேனுங்க, இது சத்தியம்" என்றார்.

அந்த முதல் மாசம்தான் பெரும் பாடாக இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டு ஒன்றும் இல்லாமல் வெளியே எடுப்பார். கிராம்பு கொடுத்தேன், காய்ந்த நெல்லி கொடுத்தேன், கொல்லையில் படர்ந்த மிளகையே பறித்து மெல்லச் சொன்னேன். சோற்றுத் தட்டை ஒருநாள் சுவரில் அடித்தார். நானும் சும்மா இல்லை, அவர் சட்டையைத் துவைக்கப் போடும் முன் மோந்து பார்ப்பேன். ஆனாலும் மனுஷன் விட்டுவிட்டார். மழை வந்தது, அதையும் தாண்டிவிட்டார். அடுத்து வந்த பொங்கலுக்கு எஸ்டேட் முதலாளி எல்லார் முன்னாலும் அவருக்கு மாலை போட்டு, ரைட்டரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினார். ஆட்கள் கை தட்டினார்கள். திருட்டுப் பட்டம் கட்டினது போல இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்பெல்லாம் பழம் அளந்து முடித்ததும் களத்துக் குட்டைச் சுவரில் மேஸ்திரி, லாரிக்காரர்கள், மருந்து அடிக்கிற ஆட்கள் என்று ஏழெட்டுப் பேரோடு உட்கார்ந்துவிடுவார். பனி இறங்கி ஆள் முகம் மறைந்த பிறகும் சிரிப்புச் சத்தம் மட்டும் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். சோறு ஆறுகிறது என்று நான் கத்திக்கொண்டிருப்பேன். இப்போது பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

அவர் என்னோடு பேசிப் பழகினவர் இல்லை. என்னோடு பேச அரிசி, பருப்பு, மகள் படிப்பு, அவ்வளவுதான் இருந்தது. அவர் பேச்செல்லாம் அந்தச் சுவரில்தான். இப்போது ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு களத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஏன் அங்கே போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"போனா எல்லாரும் பீடிய அணைச்சுட்டு எந்திரிச்சு நிக்கறானுங்க, இன்ஸ்பெக்டர் வந்தாப்பல. கொஞ்ச நேரத்துல ஒவ்வொருத்தனுக்கா வேல வந்துருது" என்றார். பிறகு, "அல்லாரும் நொம்ப நல்லவனுங்க புள்ள. அதுதான் தொந்தரவு" என்றார்.

"உசிரோட இருக்கறதப் பாருங்க" என்றேன் நான். எனக்குச் சொல்லத் தெரிந்தது அதுதான். அவர் சிரிக்கப் போய் இருமினார்.

சும்மா இருக்க முடியாமல் மேஸ்திரியிடம் போய், வீட்டுக்காவது வந்து அவரோடு பேசிக்கொண்டிருங்கள் என்று சொன்னேன். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்கள். காப்பி குடித்தார்கள். உடம்பு எப்படி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்டார்கள். அப்புறம் எல்லாரும் சுவரையும் தரையையும் பார்த்தார்கள். போகும்போது மேஸ்திரி பின்வாசல் பக்கம் வந்து, "டீச்சரம்மா, கையில பீடி இல்லாம எனக்குப் பேச்சே வரமாட்டேங்குதுங்க. அவரு முன்னால இழுக்கவும் மனசு வரலீங்க. நான் என்னங்க பண்றது?" என்று கேட்டார். பிறகு அவர்கள் வருவது குறைந்து நின்றே போனது. வழியில் பார்த்தால் மட்டும், ரைட்டர் மாதிரி மன உறுதி யாருக்கு வரும் என்று மறக்காமல் சொல்லுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்தது.

நாலு மழைக்காலம் அப்படி இருந்தார். டாக்டர் சொன்னது பொய்யில்லை, வருஷங்கள் கிடைத்தன. நுரையீரல் முன்பே கெட்டுப்போயிருந்ததால் அதற்கு மேல் கிடைக்கவில்லை. ஒரு மார்கழிக் காலையில், நான் வெந்நீர் கொண்டுவருவதற்குள் மூச்சு நின்றிருந்தது.

திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மகள் வந்து சேரச் சாயந்திரம் ஆகும். அதுவரை எடுக்க முடியாது. அவரை முன்கூடத்தில் கிடத்தி, வாசலில் பெஞ்சுகளும் பாயும் போட்டோம். வாழவந்தியிலிருந்து வந்த என் கொழுந்தனார் வந்ததும் வராததுமாக, "அண்ணி, வெத்தல பாக்கு தட்டு இருக்குது, பீடியக் காணமே? ஒரு ஆளுகிட்டக் காசு குடுத்து உடறேன்" என்றார். சாவு வீட்டில் காத்திருக்கிற ஆண்களுக்கு வெற்றிலையோடு பீடியும் தீப்பெட்டியும் வைப்பது எங்கள் வழக்கம். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "இந்த ஊட்டுல அது வராது. அவரைக் கொன்னது பத்தாதா?" என்று கத்தினேன். வாசலில் இருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்டது. கொழுந்தனார் முகம் செத்துப்போய் வெளியே போனார்.

பகல் ஏற ஏற ஒப்பாரி ஓய்ந்து பெண்களும் சோர்ந்துபோனார்கள். வாசலில் சத்தமே இல்லையே என்று எழுந்து போய்ப் பார்த்தேன். பெஞ்சில் ஒருவரும் இல்லை. கீழே களத்துச் சுவரில் பனிக்குள் எல்லா ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். புகை எழுந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார்கள். போய் நாலு வார்த்தை கேட்கலாம் என்றுதான் படியிறங்கினேன். இரண்டாவது படியில் நின்றுவிட்டேன். அவர்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள், இவர் இங்கே தனியாகக் கிடந்தார். செத்த அன்றைக்கும் நான் அவரை அப்படித்தான் வைத்திருந்தேன்.

கொழுந்தனாரைக் கூப்பிட்டுப் பீடி வாங்கிவரச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் வாங்கிவந்தார். கட்டுகளைப் பிரித்து நானே தட்டில் பரப்பி, தீப்பெட்டியும் வைத்து, வாசலில் வைக்காமல் கூடத்துக் கதவை ஒட்டி, அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு களத்தைப் பார்த்துக் கத்தினேன்: "எல்லாரும் மேல வாங்க. அவரு பக்கத்துல உக்காந்து இழுங்க."

வந்தார்கள். யாரும் தட்டைத் தொடவில்லை. கடைசியில் மேஸ்திரி அழுதுகொண்டே ஒன்றை எடுத்துப் பற்ற வைத்தார். அதிலிருந்து அடுத்தவர் பற்ற வைத்தார். பேச்சு தானாக வந்துவிட்டது. "ஏனுங்க ரைட்டரே, குப்பனூர் ரோட்டுல லாரி மாட்டுனது நெனப்பு இருக்குங்களா?" என்று அவரைப் பார்த்தே மேஸ்திரி ஆரம்பித்தார். மூட்டம் அடர்ந்து ரோடே தெரியாத ஒரு நாளில், எரிகிற பீடியை முதுகுப் பக்கம் பிடித்துக்கொண்டு இவர் முன்னால் நடந்தாராம், அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து லாரி பின்னாலேயே இறங்கியதாம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் எனக்கு அது தெரியாது. புகை உள்ளே வருகிறது, கதவைச் சாத்தட்டுமா என்று பெண்களில் ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அந்தத் தட்டை அவர் இருந்தபோதே வைத்திருந்தால் நாலு வருஷம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார். வைத்திருந்தால் அந்த நாலு வருஷமே இருந்திருக்காது. இரண்டும் எனக்குத் தெரியும். எது தேவலை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாயும்போது மகள் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் புகை மண்டிக் கிடந்த கூடத்துக்குள் ஓடி வந்தவள், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பாவுக்குப் புகை ஆகாதேம்மா" என்றாள். அதுவரைக்கும் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.