சாரன் போர்த்திய கணினி

ஆளில்லாத அறையில், திரையிலிருந்த அம்புக்குறி தானாக அசைந்த அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாற்காலி காலியாக இருந்தது. யன்னல் வெயிலில் தவிட்டுத் தூசி மிதந்துகொண்டிருந்தது. அம்புக்குறி தூக்கத்தில் நடப்பதுபோல இடமும் வலமுமாக அலைந்தது. பிறகு நெல் இருப்புப் பக்கத்தைத் திறந்து அங்கேயே சற்று நின்றது. மருதமுனையில் வீட்டின் உள்ளறையில் இருந்த ராத்தா, சவளக்கடைப் பக்கமிருந்த எங்கள் அரிசி ஆலைக்குள் வந்துவிட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த இணைப்பைப் போட்டவனே நான்தான், ஆனாலும் கூச்செறிந்தது.

ராத்தா என்றால் அக்கா, ஆனால் அவர் எனக்கு உறவில்லை. நான் கல்முனை மெதடிஸ்தக் குடும்பத்துப் பிள்ளை, ஆலையில் கணினிகளைப் பார்ப்பவன். ஆனால் ஆலையில் எல்லோருக்கும் அவர் ராத்தாதான், முதலாளி ஹாஜியார் மட்டும் 'புள்ள' என்பார். உள்ளே வரும் நெல்லின் ஈரம் முதல் வெளியே போகும் அரிசி வரை எல்லாம் அவர் கையால்தான் கணினியில் ஏறும். திடீரென்று அவருடைய கணவர் மௌத்தாகிவிட்டார். மார்க்க முறைப்படி, கணவனை இழந்தவர் வீட்டோடிருக்கும் இத்தா இருந்தார் ராத்தா. நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்களுக்கு முகம் காட்டமாட்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். இனி அந்த வீட்டுக்கு ராத்தாவின் உழைப்பு மட்டும்தான்.

சிறுபோக அறுவடை தொடங்கியதும் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நெல்லு வரத் தொடங்கிற்று. அந்தப் புள்ளைட வேலைய ஒராள் செய்யத்தான் வேணும். புதுசா ஆளப் போட்டா, மறுகா அவன எழும்பு எண்டு சொல்ல ஏலாது" என்றார். நல்ல மனுசன், அவருக்கும் அதில் விருப்பமில்லை. வீட்டிலிருந்தே ராத்தா வேலை செய்ய வழி பண்ணுகிறேன் என்று நான் சொன்னேன். அதற்கு முன் அப்படி ஒன்றை நான் செய்ததே இல்லை, வாய் முந்திக்கொண்டது.

ஆலைக் கணக்கெல்லாம் இருக்கும் சேவர் கணினியை இணையத்துக்கு நேரே திறந்து வைத்தால், உலகத்துத் திருடர்கள் எல்லோரும் வந்து தட்டிப் பார்ப்பார்கள். அதனால் இடையில் பிறர் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனிப்பாதை போட்டேன். அதன் சாவி ராத்தாவின் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவருடைய கைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்கும்படி செய்தேன். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், மடிக்கணினியைக் கொண்டுவந்து தந்து, வாங்கிக்கொண்டு போனார். மீதியைத் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்தேன்.

அதன்பிறகு ஆலையில் நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். அம்புக்குறி அசைவதைக் கண்டவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். சேவர் அறைக்குள் நுழையுமுன் இருமினார்கள். லொறிச் சாரதி ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். ஹாஜியாருக்கு அதுவும் போதவில்லை. "இத்தாவில இருக்கிற புள்ள வந்து போற இடம். ஆம்பிளையள் பாத்துக்கொண்டு நிக்கிறதா?" என்று ஆண்கள் உடுத்தும் புது மருதமுனைச் சாரன் ஒன்றை எடுத்துத் திரையும் பெட்டியும் ஒன்றாக மூடும்படி போர்த்திவிட்டார். துணி போட்டாயிற்று என்று ராத்தாவுக்கும் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

சில நாளில் இணைப்பு அறுந்து அறுந்து போகத் தொடங்கியது. முற்றத்தில் நெல் லொறிகள் வரிசை கட்டி நின்றன. சாரதிகள் கத்தினார்கள். "சரிவராது தம்பி. நாளைக்கு ஆளப் போடுவம்" என்றார் ஹாஜியார். ராத்தா தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "என்ட இடம் போயிற்றா தம்பி?" ஓடிப்போய்ச் சாரனைத் தூக்கினேன். பெட்டி அடுப்புப்போலச் சுட்டது. காற்றுத் துவாரம் முழுவதும் துணியால் அடைபட்டிருந்தது. ஆறவிட்டு மறுபடி இயக்கியதும் ராத்தா உள்ளே வந்தார். பின்னேரத்துக்குள் லொறிகள் எல்லாம் போய்விட்டன. புதுஆள் பேச்சும் அவற்றோடு போய்விட்டது.

எல்லோரும் போனபின் நான் அங்கேயே களைத்து உட்கார்ந்திருந்தேன். அம்புக்குறி மெல்ல நகர்ந்து வெறும் பக்கம் ஒன்றைத் திறந்தது. எழுத்துக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. 'இண்டைக்கும் உங்களுக்குச் சேத்துத் தேத்தண்ணி ஊத்திட்டன். ஒருத்தரும் காணல்ல. வீடு முழுக்க ஆக்கள். அழுதா ஓதச் சொல்றாங்க. உங்களோட கதைக்க ஏலுறது இஞ்சதான், இஞ்ச ஒருத்தரும் இல்ல.' மௌத்தான கணவருக்கு எழுதியது கொஞ்சநேரம் அப்படியே இருந்தது. பிறகு எழுத்துக்கள் பின்னிருந்து ஒவ்வொன்றாக அழிந்தன. துணி இன்னும் மூடியிருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டித் திரையை அணைத்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அன்றே அமைப்பை மாற்றினேன். அவர் உள்ளே வந்தால் ஆலைத் திரை கறுத்துப் பூட்டிக்கொள்ளும், நானும் பார்க்க முடியாது. மறுநாள் ராத்தா கேட்டார்: "துணிய எடுத்திட்டியாம்?"

"ஓம் ராத்தா. அதவிட நல்ல மறைப்பு ஒண்டு போட்டிருக்கன்."

"ஒருத்தருக்கும் தெரியாதே?"

"தெரியாது."

இத்தா முடிந்து ராத்தா ஆலைக்குத் திரும்பி வந்தார். இப்போது என் எதிர்மேசையில்தான் இருக்கிறார், என் எழுத்துப்பிழைகளைச் சொல்லிச் சிரிக்கிறார். அவர் வந்த அன்றே ஹாஜியார், "இனி அந்தப் பாதைய மூடு தம்பி" என்றார். சரியான பேச்சு. தேவை முடிந்த வழியைத் திறந்து வைக்கக்கூடாது என்றுதான் கணினி படிக்கையில் எங்களுக்கும் சொல்லித் தந்தார்கள். ராத்தா தலை நிமிராமல், "இருக்கட்டுமே, மழைக்காலத்துக்கு உதவும்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாத் தொழுகைக்காக ஆலை பூட்டிக்கிடக்கும் நேரத்தில், அந்தப் பாதையால் யாரோ உள்ளே வந்து போனதாகச் சேவரில் ஒரு வரி பதிவாகும். நான் அதற்குமேல் பார்ப்பதில்லை. பாதையை இன்னும் மூடவில்லை.