பாலத்தை மூடிய காலை

தையலக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஜன்னலுக்கு வெளியே வானம் இருந்ததில்லை, மேம்பாலம்தான் இருந்தது. கையை நீட்டினால் லாரி டிரைவருக்குத் தேநீர் கொடுத்துவிடலாம், அவ்வளவு கிட்டத்தில். தைத்து மாட்டிய வெள்ளைச் சட்டை புகையில் மறுநாளே பழுப்பாகிவிடும். வண்டி இரைச்சலில் அந்த வீதியில் யாரும் பேசியதில்லை, கத்தித்தான் குடும்பம் நடத்தினார்கள். கொஞ்சலும் கத்தல்தான், ரகசியமும் கத்தல்தான்.

பாலத்துக்கு வயதாகிக் காரை உதிரத் தொடங்கியதும், வண்டிகளைப் பூமிக்கடியில் விடுவதென்று சுரங்கப்பாதை தோண்டினார்கள். வேலை முடியும் தறுவாயில் கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் மாடியேறி வந்தார்.

"தோண்டினதுல சுவரு விரிசல் விட்டுப்போச்சும்மா. வீடு எப்ப விழும்னு சொல்ல முடியாது. சீக்கிரமா காலி பண்ணிடுங்க" என்று கத்தினார்.

கணவர் அரண்டுபோய் மூட்டை கட்ட உட்கார்ந்தார். அவளோ தையல் மெஷினை விட்டு எழவில்லை.

"இத்தன வருஷம் புகையக் குடிச்சது நாம. பாலம் போனப்புறம் வர்ற காத்து மட்டும் வேற யாருக்கோவா? விரிசல் எங்கன்னு காட்டச் சொல்லுங்க. காட்டாம நான் மெஷினை நகத்த மாட்டேன்."

அவர் கட்டிய மூட்டையை அவள் அவிழ்த்தாள். மறுநாளும் கட்டினார், மறுநாளும் அவிழ்த்தாள். சுவரை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தாள். கையில் வந்தது ஒட்டடைதான்.

சுரங்கப்பாதை திறந்த காலையில் பாலத்தை மூடினார்கள். இரைச்சல் சட்டென்று நின்றது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள், காதுதான் அடைத்துவிட்டதோ என்று பயந்தாள். அப்போது கீழிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது. பழக்கதோஷம், மனைவியிடம் சொல்லும் ரகசியத்தை வழக்கம்போலக் கத்திக்கொண்டிருந்தார்.

"விரிசலாவது ஒண்ணாவது! சுவரு கல்லு மாதிரி நிக்குதுடீ. பாலம் போயிட்டா இந்த மாடிக்கு ஆளுங்க போட்டி போட்டுட்டு வருவாங்க. மொதல்ல இதுங்க கிளம்பட்டும்!"

வீதி முழுக்க ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. எதிர்க்கடை முடிதிருத்துபவர் கத்தரியும் கையுமாக வெளியே வந்துவிட்டார். வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

தையலக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருஷக் கோபத்தோடு கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள், தேவைப்படவில்லை.

"நாங்க காலி பண்ணல அண்ணே" என்றாள், மெதுவாக. கடைசி வீடுவரை கேட்டது.