தலைவர் திருத்திய என் வலைப்பூ

இத்தனை நாள் வாய் மூடி இருந்தது போதும்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு வலைப்பூ எழுத வேண்டும். துறைத் தலைவர் திருத்திய பிறகே அது வெளியாகும். நூலகக் கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். "மழைக்காலத்திலும் குளுகுளு வாசிப்பு" என்று என் பெயரிலேயே வெளியிட்டுவிட்டார்.

இன்று பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊரான தம்போயில், ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு மாணவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உங்க பிளாக் படிச்சோம். வாளிக்குப் பக்கத்துல உக்காந்து படிச்சோம் லா."

"நான் எழுதுனது அது இல்லம்மா."

"அப்ப எங்க பிளாக்ல எழுதுங்க சார். நாங்க யார்கிட்டயும் கேக்குறதில்ல."

பென்ஷனுக்கு மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. என் பதவி உயர்வை இருமுறை நிறுத்தியவரும் அதே தலைவர்தான்.

ஆகவே மாணவர் வலைப்பூவில் இதைப் பெயரில்லாமல் போடுகிறேன். யாரென்று கண்டுபிடித்தவர்கள் கீழே தாராளமாகத் திட்டுங்கள். "சார்" என்று மட்டும் தொடங்காதீர்கள்.