வெள்ளோட்டத் தேரில் ஏற்றிய பெயர்கள்

அது 2004. ஆடிக் காற்று கம்பம் பள்ளத்தாக்கையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி அடித்த சமயம். தேனியில் ஒரு சின்ன அறக்கட்டளை அலுவலகத்தில் நான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர் ஊராகப் போய்க் கண் பரிசோதனை முகாம் நடத்துவோம். கண்புரை இருப்பவர்களின் பெயர், ஊர், எந்தக் கண், சர்க்கரை உண்டா என்றெல்லாம் சீட்டில் எழுதி வாங்கி வருவோம். பட்டியல் தயாரானதும் மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்கள் வரும். அழைத்துப் போய் இலவசமாக ஆபரேஷன் செய்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்.

ராயப்பன்பட்டி முகாமுக்கு ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவர், அதாவது கொடியைக் கழித்துவிடுகிறவர். கண் மங்கிப்போய், போன தடவை காய்க்கிற மொட்டையும் சேர்த்து வெட்டிவிட்டாராம். இன்னொரு தடவை அப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். "அடுத்த கவாத்துக்குள்ள கண்ணத் தெறந்து விட்ருங்க தாயி" என்றார். பஸ் வரும்போது ஆள் அனுப்புகிறோம், கவலைப்படாதீர்கள் என்று நான்தான் சொன்னேன்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மேல் பைத்தியம் முற்றியிருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் பட்டியல்களைச் சேமித்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் சர்வரின் புதுப் பதிப்பு இருந்தது. இன்னும் முறையாக வெளிவராதது. சோதித்துப் பார்க்க மட்டும், நிஜ வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பெயர்களை அகர வரிசையில் ஒழுங்காக அடுக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். என் கண்ணில் பட்டது இரண்டாவது மட்டும்தான்.

அதை நிறுவ மூன்று நாள் ஆனது. ஒரு ஃபைல் இல்லை என்று சொல்லும், தேடிப் போட்டால் அடுத்ததைக் கேட்கும். பாதி ஓடும்போது காற்றுக்கு எங்கேயாவது ஒயர் அறுந்து கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக சர்வர் ஓடத் தொடங்கியதும் ஆபீசுக்கே என் செலவில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சீட்டுகளை டைப் செய்ய ஒரு பெண் இருந்தாள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து கம்பம் வந்து, பஸ் மாறி தினமும் வருவாள். என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பாள். இது பீட்டா பதிப்பு என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். "பேட்டாவா? எனக்காக்கா?" என்றாள் முகமெல்லாம் சிரிப்பாக. லாரி டிரைவருக்குச் சம்பளத்துக்கு மேல் தருவார்களே, அந்தப் பேட்டா. "அது இல்லடி. திருவிழாவுக்கு முன்னாடி தேருக்கு வெள்ளோட்டம் விடுவாகள்ல, அந்த மாதிரி" என்று விளக்கினேன்.

மூன்று வாரம் உட்கார்ந்து முந்நூற்று நாற்பது பேரை ஏற்றினாள். ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்வோமா என்று இரண்டு தடவை கேட்டாள். லினக்ஸ் படுக்காது என்றேன். அதோடு விட்டேனா? கம்ப்யூட்டர் இருக்கும்போது சீட்டு எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று அத்தனையையும் அவள் வீட்டு வெந்நீர் அடுப்புக்குக் கொடுத்தனுப்பினேன்.

பஸ் வர ஆறு நாள் இருக்கும்போது அடுத்த மாதத்து சிடி வந்தது. அதில் இன்னும் புதிய பீட்டா. சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுத்தேன். புதியதைப் போட்டதும், பழைய ஃபைல்கள் வேறு பதிப்பில் உருவானவை, திறக்க முடியாது என்றது சர்வர். பழையதையே திரும்பப் போட்டிருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். நானோ, வெறும் செட்டிங்தான் தடுக்கிறது என்று நினைத்து அந்தப் பழைய ஃபைல்கள் இருந்த டைரக்டரியையே அழித்துவிட்டு, புதிதாகத் தொடங்கச் சொன்னேன். சர்வர் ஜோராக ஓடியது. உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் கோடு போடத் தொடங்கினாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதன் பிறகு ஐந்து நாள் இருவரும் அலைந்தோம். ஆட்டோவில் மைக் கட்டிப் போனால் பகலில் ஊரில் ஆள் இல்லை. ஏலத் தோட்ட வேலைக்கு ஜீப் ஏறி மலைக்குப் போயிருப்பார்கள். விடியும் முன்னே ஜீப் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றோம். புழுதி அப்பி, தொண்டை கட்டி, உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தேன். எத்தனை தடவை வந்து பெயர் எழுதுவீர்கள் என்று பலர் சலித்துக்கொண்டார்கள்.

அந்தக் கவாத்துக்காரரின் முகம் நன்றாக ஞாபகம் இருந்தது. கத்தரி பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் ஞாபகம் இருந்தது. பெயர் ஞாபகம் இல்லை. அதைத்தான் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேனே. ராயப்பன்பட்டியில் விசாரித்தால், "கவாத்து வெட்டுறவுகளா? இங்கன பாதி ஊரு அதான்" என்றார்கள். மூன்று பேரைக் காட்டினார்கள். அவர் இல்லை.

பஸ்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரோடு போயின.

பஸ் போன மூன்றாம் நாள் அந்தக் கவாத்துக்காரர் ஆபீசுக்கே வந்தார். கவாத்து தொடங்கும் வரைக்கும் மலையில் தங்கி வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருக்கிறார். "எங்க இருப்பேன்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் போனேன் தாயி. தேடி யாரும் வரலையாம். பஸ்ஸு எப்ப வருது?" என்றார்.

மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாய் வரவில்லை. மெஷின் நன்றாகத்தான் இருந்தது, வெள்ளோட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றில் நான்தான் உங்கள் பெயரைப் போட்டுத் தொலைத்துவிட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. புரியாதது போல என் குரல் வந்த பக்கம் பார்த்தார்.

"வெள்ளோட்டத்துல சாமிய ஏத்த மாட்டாகளே தாயி" என்றார்.

அடுத்த வாரமே நான் அவரை மதுரைக்குக் கூட்டிப் போய், வரிசையில் நின்று, டாக்டரிடம் கெஞ்சி ஆபரேஷனுக்குச் சேர்த்தேன். கண் நன்றாகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் கவாத்து தொடங்கி, தோட்டத்தில் வேறு ஆள் இறங்கிவிட்டார். கட்டு பிரித்த அன்று என் முகத்தை நிதானமாகப் பார்த்து, "நல்லாத் தெரியுது" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ சர்வர்கள் போட்டுவிட்டேன், காப்பி எடுக்காமல் ஒரு நாளும் வீட்டுக்குக் கிளம்பியதில்லை. வெள்ளோட்டம் என்ற வார்த்தையை அன்றைக்கு முதலில் சொன்னவள் நான்தான். அந்தத் தேரில் சாமி யார் என்பதுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று.