சுவர் இல்லாத பாலம்

ஓட்டுக் கம்பெனி முதலாளி இரண்டாவது சூளை போடப் போகிறார் என்ற சேதி வந்தபோது, நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகி, ஓசூருக்கும் எங்கள் ஊருக்கும் காரணமில்லாமல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். சேதியை முதலில் ஊருக்குள் கொண்டுவந்தவன் நான்தான். இதை இன்றைக்கும் யாராவது மறுத்தால் சண்டைக்குப் போவேன்.

கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சூளை, கையால் அழுத்தும் அச்சு, நீளமாக ஒரு கொட்டகை, அவ்வளவுதான். முதலாளி மங்களூர்ப் பக்கத்துக்காரர். ஆயில் எஞ்சினில் ஓடும் அச்சு மெஷினுக்குப் பெங்களூரில் சொல்லிவைத்திருந்தார். அது வந்தால் உள்ளூர் ஆட்களை இன்னும் ஒரு பங்கு சேர்ப்பேன், பெண்களுக்கும் வேலை தருவேன் என்றார். ஆனால் இரண்டு கேட்டார்: சூளை போட இடம், நெடுஞ்சாலையிலிருந்து கம்பெனி வரைக்கும், மழையிலும் லாரி வரக்கூடிய ஒரு ரோடு. இல்லாவிட்டால் எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில், அவருக்கு ஒரு ஷெட் தயாராக இருந்தது. அங்கே கரண்டும் உண்டு.

எனக்கு இதில் அப்படி என்ன பரபரப்பு என்றால், என் அண்ணி. தீபாவளி கழிந்ததும் அண்ணனும் அண்ணியும் தோட்டத்து மேஸ்திரியோடு மலைமேல் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான் பூட்டிக் கிடக்கும். அவர்கள் மகள் என் அம்மாவிடம் இருப்பாள். போன வருஷம் அண்ணி திரும்பி வந்தபோது குழந்தை அவளை யாரென்று தெரியாமல் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சூளைச் சேதியைக் கேட்டதும் அண்ணி சொன்னாள்: "தம்பி, அந்த மெஷினு மட்டும் நம்மூர்ல வந்து எறங்கட்டும், இந்த வருசம் நான் மலை ஏற மாட்டன்."

பஞ்சாயத்து போர்டுக் கூட்டத்துக்கு நானும் போய் வாசலில் நின்றேன். பிரசிடெண்டு கவுடர் வீட்டுக்காரர், சொந்தமாக நாலு ஏர் வைத்திருப்பவர். கம்பெனிக்குப் பக்கத்துப் புறம்போக்கைக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னதும் ஒரு மெம்பர் எழுந்தார்.

"அப்புறம் மாடு எங்க மேயும்?"

"மேய்க்கறவனே மலைக்குப் போயிட்டா மாடு எங்க மேஞ்சா என்னாய்யா?" என்றார் பிரசிடெண்டு. தீர்மானம் நிறைவேறியது. தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து அனுமதியும் வாங்கிவிட்டார்.

ரோட்டுக்குத்தான் போர்டில் வசதி இல்லை. அப்போது எங்கள் ஆட்கள் செய்ததை எந்த இன்ஜினியரும் யோசித்திருக்க மாட்டார். கம்பெனிக்கு விறகும் களிமண்ணும் ஏற்றிப் போகிற மாட்டுவண்டிகள் காலியாகத்தானே திரும்பும்? சூளைக்குப் பின்னால் உடைந்த ஓடு மலை மாதிரி குவிந்து கிடந்தது. திரும்புகிற வண்டி ஒவ்வொன்றும் ஒரு பாரம் உடைந்த ஓட்டை ஏற்றி வந்து பாதையில் கொட்ட வேண்டும் என்று போர்டு சொல்லிவிட்டது. எங்கள் தெரு ஆட்கள் அதை இடித்துப் பரப்பி, மேலே சரளை போட்டுத் தட்டினார்கள். சானமாவுக் காட்டுப் பக்கம் விறகுக்குப் போன வண்டிகள் யானைக்குப் பயந்து இரண்டு நாள் தாமதித்தபோதுகூட வேலை நிற்கவில்லை. செக்கச்செவேலென்று ரோடு நீண்டுகொண்டே போனது. நான் தினமும் அதன் நுனிவரை சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

நடுவில் ஓடை குறுக்கிட்டது. கற்பலகை போட்டுப் பாலம் கட்டி, இருபுறமும் கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். சுவரில் பிரசிடெண்டு பெயர் வெட்டிய கருங்கல்லைப் பதித்தார்கள். அவர் வீட்டில் யார் பெயரும் அதுவரை கல்லில் ஏறியதில்லை. தினமும் வந்து துண்டால் துடைத்துவிட்டுப் போவார். திறப்பு விழாவுக்குத் தாசில்தார் வருவதாக ஏற்பாடு.

விழாவுக்கு முந்தின நாள் காலையிலேயே மெஷினை ஏற்றிக்கொண்டு லாரி வந்துவிட்டது. நெடுஞ்சாலை முனையில் காத்திருந்த நான், அதற்கு முன்னால் மணியடித்துக்கொண்டே சைக்கிளில் பறந்தேன். ஊரே ஓடைக் கரையில் நின்றது. பாலத்துக்கு வந்ததும் டிரைவர் பிரேக் போட்டான். இறங்கினான். சுவருக்குச் சுவர் கையை விரித்துப் பார்த்தான்.

"ஆகல்ல ஸ்வாமி, ஆகல்ல" என்றான் கன்னடத்தில். லாரி உள்ளே நுழையாதாம்.

பாலத்துக்கு அளவெடுத்த அன்று, இருப்பதிலேயே பெரிய வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் அச்சுக்கு இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுத்தான் கயிறு பிடித்திருந்தார்கள். லாரிக்காகப் போட்ட ரோட்டில், பாலத்தை மட்டும் மாட்டுவண்டிக்கு அளந்திருந்தோம்! என்னையும் சேர்த்து ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வண்டி என்றால் எங்களுக்கு மாட்டுவண்டிதான்.

"மெஷினை வண்டில மாத்திடலாமே?" என்றார் ஒரு மெம்பர்.

"ஒரே வார்ப்பு. உங்க வண்டி அச்சு முறிஞ்சிடும்" என்றார் லாரியிலிருந்து இறங்கிய முதலாளி. ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினால் சக்கரம் புதையும். கிழக்கே மேகம் கறுத்திருந்தது. அவர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அத்திப்பள்ளி ஷெட் சாவி கையில இருக்கு, கவுடரே. மழை வர்றதுக்குள்ளே நான் இதை எங்கேயாவது இறக்கணும்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் உட்கார்ந்திருந்த கற்பலகை அகலமானதுதான். சுவர் போய்விட்டால் லாரி போகும். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்தக் கல்லின் மேல் யார் கடப்பாரையை வைப்பது? பிரசிடெண்டு துண்டை உதறித் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"நாளைக்குத் தாசில்தார் வர்றாரே..." என்றார் மெதுவாக.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கவுடரே, கல்லு வேணுமா மெஷினு வேணுமா, சொல்லிடுங்க. கல்லுன்னா நாங்க போயி மூட்டை கட்றம்."

எங்கள் தெருவிலிருந்து ஒரு பெண் பிரசிடெண்டிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிரசிடெண்டு அவளைப் பார்த்தார். பிறகு அந்த மனுஷர் சிரித்தாரே, அதை என்னால் மறக்க முடியாது.

"கடப்பாரைய இப்படிக் குடுங்கடா. என் பேரை நான்தான் இடிக்கணும். வேற எவனாச்சும் தொட்டீங்க, கேஸு போட்டுடுவன்!"

முதல் குத்து அவருடையது. இரண்டாவது குத்து யாருடையது என்று சொல்ல முடியாது, அத்தனை கைகள். ஈரம் காயாத சாந்து, பொலபொலவென்று உதிர்ந்தது. பெண்கள் கல்லை வாங்கி வாங்கி ஓடையோரம் அடுக்கினார்கள். நான் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இறங்கினேன். "ஏய், எஸ்.எஸ்.எல்.சி., கால் மேல போட்டுக்காத!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு.

லாரி நகர்ந்தது. ஒரு பக்கத்துச் சக்கரம் பலகையின் விளிம்பிலேயே ஊர்ந்தது. அக்கரை ஏறியதும் எழுந்த கூச்சல் நெடுஞ்சாலை வரை கேட்டிருக்கும். டிரைவரே ஹாரனை விடாமல் அழுத்தினான். நான் லாரியின் கால்பலகையில் தொற்றிக்கொண்டு கம்பெனி வாசல் வரை போனேன். மெஷின் கொட்டகைக்குள் இறங்கி முடியவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

மறுநாள் தாசில்தார் கத்தரிக்கோலோடு வந்து, மொட்டைப் பாலத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"என்னய்யா, நான் எதைத் திறக்கறது?"

"பாலம் நேத்தே திறந்தாச்சுங்க. நீங்க மெஷினைத் திறந்து வைங்க" என்றார் பிரசிடெண்டு. தாசில்தாரும் சிரித்துவிட்டு வந்து எஞ்சினுக்கு மாலை போட்டார். சொந்தப் பெயரையே இடித்த பிரசிடெண்டின் பேர் தாசில்தார் கச்சேரி வரை பரவியது. கல்லை மறுபடி பதிக்கலாம் என்று சொன்னவர்களிடம், மெஷின் ஆடாமல் இருக்க அதை அடியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

தீபாவளி கழிந்து மேஸ்திரி வழக்கம்போல ஆள் கூட்ட வந்தார். அண்ணி மெஷினுக்கு முன்னால் நின்று, அப்போதுதான் அழுத்தி எடுத்த பச்சை ஓட்டின் ஓரத்தை வழித்துக்கொண்டிருந்தாள். மகள் கொட்டகை வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"என்னாம்மா, மூட்டை கட்டலியா?" என்றார் மேஸ்திரி. பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, "வர்ற வழில பாலத்தப் பாத்தன். சொவுரு இல்லாம எவன் கட்டுனான் அத?" என்றார்.

அண்ணி கையிலிருந்த ஓட்டைப் பலகையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நாங்கதான்" என்றாள்.