கொட்டை எழுத்தில் மாமா எழுதியது

மொன்றியலில் வில்லரேப் பக்கம் மாமா ஒரு கடை திறந்த குளிர்காலத்தில் எனக்கு ஆறு வயது. அம்மாவின் தம்பியான அவர், ஊரில் சினிமாக் கொட்டகைக்கு நோட்டீஸ் எழுதிப் பெயர் வாங்கியவர். படம் ஓடாவிட்டாலும் மாமாவின் நோட்டீஸ் ஓடும் என்று அம்மா சொல்லுவார்.

கடைக்குத்தான் ஆட்கள் வரவில்லை. 'தமிழ்ச் சாமான்கள் இங்கே கிடைக்கும்' என்று எழுதி வீடு வீடாகப் போட்டும் பயனில்லை. பனிக்குள் இறங்கி நடக்க வைப்பதற்கு அந்த வரி போதாது என்று மாமா கண்டுபிடித்தார். முதல் வரியே ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும், விலையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று எங்கள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடத்தினார். அம்மா அப்போது தையல் வேலைக்குப் போயிருந்தார்.

அந்த வாரம், நெடுநாளாகக் கிடைக்காமலிருந்த, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் சுறாக் கருவாடும் கடைக்கு வந்து சேர்ந்திருந்தன. மாமா கொட்டை எழுத்தில் எழுதினார்: 'காணாமல் போனவர்கள் வந்துவிட்டார்கள்!' ஒடியலும் கருவாடும் அதற்குக் கீழே, பொடி எழுத்தில். வழிதவறி அலைந்த கருவாடு வீடு திரும்புவதை நினைத்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கட்டடத்துக் கதவுகளின் கீழெல்லாம் அந்த நோட்டீஸ் போனது.

சனிக்கிழமை நானும் அம்மாவும் போனபோது கடைக்குள் நிற்க இடமில்லை. மாமாவுக்கு உச்சி குளிர்ந்திருந்தது. அப்போதுதான் எங்கள் கட்டடத்து மேல்மாடி அன்ரி உள்ளே வந்தார். திருகோணமலைக்காரர். அவருடைய கணவரை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டு போனதும், அதற்குப்பின் ஒரு தகவலும் இல்லாததும் கடையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கணவர் பிறகு வருவார் என்று மட்டுந்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அன்ரி கோட்டுப் போடவில்லை. வீட்டுச் செருப்போடு வந்திருந்தார். கால்விரல்களில் பனி ஒட்டியிருந்தது. சாமான்களை அவர் பார்க்கவேயில்லை. அங்கே நின்ற ஆண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கை தம்பி அவையள்?"

மாமாவுக்கு விளங்கவில்லை. சிரித்தபடியே கருவாட்டுப் பெட்டியைக் காட்டினார்.

அன்ரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். தான் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல மெதுவாகச் சொன்னார்: "மேலை இருந்ததை வாசிச்ச உடனை ஓடி வந்திட்டன். கீழை வாசிக்கேல்லை."

கையில் எடுத்திருந்த பொதியை ஒருவர் சத்தமில்லாமல் திரும்ப வைத்தார். மாமாவின் முகத்தில் இரத்தமே இல்லை. அம்மா தன் கோட்டைக் கழற்றி அன்ரிக்குப் போட்டார். "கடையைப் பூட்டு தம்பி" என்றார். அதற்குமேல் மாமாவை அவர் ஏசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று முழுவதும் மாமா படியேறி இறங்கி, கதவு கதவாகத் தட்டி நோட்டீஸ்களைத் திருப்பி வாங்கினார். பிறகு அவர் எழுதியதெல்லாம் சாமானின் பெயரும் விலையும்தான்.

அன்ரி மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கடைக்கு வருவார்.

"ஏதும் வந்ததோ தம்பி?"

"இன்னும் இல்லை அக்கா" என்பார் மாமா, தலையைக் குனிந்தபடி.

கருவாடோ அவருக்குப் பின்னால் பெட்டி நிறைய இருந்தது. விலை ஏறட்டும் என்று மாமா அதை ஒளிக்கிறார், கெட்டிக்காரர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.